சனசமூக நிலையச் சுவரில் படம் கீற முதல்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சந்தி, சந்தியில் சனசமூக நிலையம், ஊர்ச் சனம் பேப்பர் பார்க்கவும் கூடவும் வருகிற பொது இடம். அதன் றோட்டுப் பக்கச் சுவர் 30 அடி நீளம், 11 அடி உயரம், மேற்குப் பார்த்தது. ஊர்ச் சனமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து அதில் பெரிய ஓவியம் ஒன்று கீற வேண்டும். கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கம் காசு தர ஓம் என்றுவிட்டது. ஓவியரையும் பிடித்தாயிற்று. தைப்பொங்கலுக்குத் திறப்பு விழா. "எவ்வளவு பெயின்ற் வாங்க வேணும், எந்தக் கொம்பனிப் பெயின்ற் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயின்ற் கணக்கு கீழே வருகிறது. அதற்கு முதல் தைப்பொங்கல் என்ற திகதியை அழித்துவிடுங்கோ. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை குடித்த சுவர் தை பிறந்த கையோடு காயாது. மாசி நடுவிலிருந்து சித்திரை முடிவு வரைதான் எங்கள் பக்கத்தில் சுவர் வேலைக்கு நல்ல காலம். அதற்குப் பிறகு சோளகக் காற்றுக் கிளம்பினால் ஈரப் பெயின்ரில் செம்மண் தூசி ஒட்டும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் ஆளே பிடிக்கேலாது.

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்கப் பெடியள் தூரிகையோடு றோட்டுக்கு இறங்கினது ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் மதில்கள் நிறம் மாறின. அது மாரி காலம். பாசி சுரண்டாத ஈர மதில், அதற்கு மேலேயே பெயின்ற். நான் வழமையாகப் போய்வருகிற பாதையில் இருந்தவற்றில் பல, அடுத்த இரண்டு மாரிக்குள் செதில் செதிலாக உரிந்துவிட்டன. கீறின பிள்ளைகளில் பிழை சொல்ல மாட்டேன். மதிலைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை.

எனக்கும் அப்படி ஒருவரும் இருக்கவில்லை. பல வருஷத்துக்கு முதல் ஒரு பள்ளிக்கூடத்தில், பேர் வேண்டாம், மண்டபச் சுவரில் முப்பது பிள்ளைகளை வைத்து எனாமல் பெயின்ரில் கீறுவித்தேன். மினுமினு என்று என்ன வடிவு! அடுத்த மாரியில் ஒரு காலமை போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கக் கொப்புளம். ஒன்றை நகத்தால் குத்தினேன். உள்ளே இருந்து கலங்கின தண்ணி வழிந்தது. எனாமல், சுவர் மூச்சு விட வழியில்லாமல் மூடிவிட்டது. உள்ளே இருந்த ஈரமும் உப்பும் படத்தைத் தள்ளி வெளியே வந்துவிட்டன. ஒரு பிள்ளை கீறின மயில் தலையிலிருந்து கழுத்து வரை தாளாகக் கழன்று தொங்கியது. ஆகவே வெளிச்சுவருக்கு எனாமல் வேண்டாம். ஆர் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இப்போது உங்கள் சுவர். தடித்த பொலித்தீனை ஒரு முழச் சதுரமாக மூன்று துண்டு வெட்டுங்கோ. நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சளவில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று. நாலு பக்கமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கோ. கழற்றும்போது கீழ்த் துண்டின் உள்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேல் துண்டு வியர்த்திருந்தால் மழைத்தண்ணிப் பீலியோ கூரையோ ஒழுகுகிறது. அதை முதலில் திருத்தாமல் தூரிகை எடுத்தால் ஊர்ச்சங்கத்தின் காசு தண்ணியில்தான். மூன்றும் காய்ந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

அடுத்தது உப்பு. சுவரில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூத்திருக்கிறதா என்று பாருங்கோ. கரையோரம் என்றால் கட்டாயம் இருக்கும். உவர் தண்ணியில் சாந்து குழைத்த பழைய கட்டடங்களிலும் இருக்கும். எல்லாரும் செய்கிற பிழை, குழாயைப் பிடித்துக் கழுவுவது. கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டி, விழுகிறதை அள்ளித் தூரக் கொட்டுங்கோ. ஒரு கிழமை விட்டுப் பாருங்கோ. திரும்பப் பூத்தால் திரும்பத் தட்டுங்கோ. பூக்கிறது நின்ற பிறகுதான் பிறைமர், அதாவது நிறத்துக்கு முதல் பூசுகிற அடிப்பூச்சு.

உள்ளங்கையால் சுவரை ஒருக்கால் தடவியும் பாருங்கோ. வெள்ளை கையில் வந்தால் அது பழைய சுண்ணாம்பு அடிப்பு. அதற்கு மேல் எதைப் பூசினாலும் மாவுக்கு மேல் பூசின மாதிரித்தான், சுரண்டியே ஆக வேண்டும். மேசனைக் கொண்டு புதிதாகப் பூசுவித்தால் 28 நாள் விடுங்கோ. புதுச் சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்னும். சீமெந்தே இல்லாத பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம் என்றால் பேசாமல் வேறு சுவர் பாருங்கோ. தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்குக் கிட்டவே போக வேண்டாம். அங்கே 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நிற்கிறது.

அனுமதி விஷயம் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஆனால் எல்லாம் எழுத்தில் வேண்டும். கட்டடம் ஆருடையது என்று முதலில் பாருங்கோ. எங்கள் சனசமூக நிலையங்களில் கனக்க, ஆரோ ஒரு பெரியவர் நன்கொடையாகத் தந்த காணியில் நிற்கின்றன. காணி உறுதி ஒருவரின் பேரில், கட்டடம் நிலையத்தின் பேரில், திருத்தின காசு சபையின் காசு. யாழ் மாவட்டத்தில் 1 மாநகர சபை, 3 நகர சபை, 13 பிரதேச சபை. உங்கள் நிலையம் எதற்குக் கீழ் வருகிறதோ அங்கே நிர்வாக சபைத் தீர்மானத்தையும் படத்தின் மாதிரியையும் கொண்டுபோய்க் குடுத்து, கையெழுத்தோடு ஒரு பதில் வாங்கி வையுங்கோ. சாரம் றோட்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் என்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கோ. (கட்டிட வேலைச் சாரத்தைச் சொல்கிறேன், உடுக்கிற சாரத்தை இல்லை. ஒருமுறை வாட்ஸப்பில் "சாரம் நாலு வேணும்" என்று போட்டு, கனடாவில் இருந்து ஒரு அண்ணை "என்ன சைஸ்?" என்று கேட்டவர்.)

ஓவியரோடும் ஒரு தாளில் எழுதி வையுங்கோ. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு கீறினாலும் படைப்பைச் சிதைக்கிறதை எதிர்க்கிற உரிமை படைத்தவருக்கு உண்டு. நாளைக்கு நீங்கள் சுவரில் ஒரு யன்னல் வெட்டினால் என்ன, ஏழு வருஷத்துக்குப் பிறகு மேலே வெள்ளை அடித்தால் என்ன, ஆர் ஆரிடம் கேட்க வேண்டும் என்று முதலே பேசிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

இனிக் கூட்டம். நான் கண்ட அளவில் ஒரு சுவர் பத்து வருஷம் நிற்குமா, பத்து மாதத்தில் போஸ்ரர் ஏறுமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

ஆட்களைக் கூட்டி "என்ன படம் போடலாம்?" என்று கேட்காதேங்கோ. கேட்டால் பனை, யாழ், நல்லூர்க் கோபுரம், மாட்டு வண்டில் என்று வரும். நாலும் சேர்ந்தால் அது கடைக் கலண்டர். பனையில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு எந்தச் சந்தியில் வைத்தாலும் பொருந்தும் என்றால் உங்கள் சந்திக்கு அது எதற்கு? கேள்வியை மாற்றுங்கோ. "இந்த முடக்கில முந்தி என்ன இருந்தது? ஆர் இருந்தது?" தரையில் சோக்கால் ஊர்ப்படம் ஒன்று கீறி, வந்தவர்களிடம் சோக்கைக் குடுங்கோ. ஒருவர் கள்ளுத் தவறணையைக் கீறுவார். இன்னொருவர் அதை அழிக்கச் சொல்லுவார். ஒரு அம்மா தான் இடம்பெயர்ந்து போகும்போது சைக்கிளை விட்டுவிட்டுப் போன வேலியைக் காட்டுவா. அந்தச் சைக்கிள் ஒன்றே போதும், ஒரு சுவருக்கு.

"ஊர்ச் சனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க வராத ஒழுங்கை எது என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். ஏன் வருவதில்லை என்பதும் தெரியும். அந்த ஒழுங்கைக்கு நோட்டீஸ் அனுப்பாதேங்கோ. ஆள் போய், அங்கேயே ஒரு முற்றத்தில் இரண்டாவது கூட்டத்தை வையுங்கோ. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனம் திரும்பி வந்து இருக்கிற பகுதி கிட்ட இருந்தால் அங்கேயும் போங்கோ. அவர்களை விட்டுவிட்டுக் கீறின படத்தை அவர்களும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழும்பி 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைக் கீற வேண்டும் என்பார். இன்னொருவர் காணாமல் போனவர்களின் முகங்கள் என்பார். அரசியல் வேண்டாம் என்று வாயை மூடப் பார்ப்பது மரியாதை இல்லை. நான் இரண்டு விஷயம் மட்டும் கேட்பேன். இறந்தவரின், காணாமல் போனவரின் முகம் என்றால் அந்த வீட்டு ஆட்களின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் என்றால், முகத்தை அங்கே வைக்க அவவுக்கு விருப்பமா? மற்றது, படம் கீறின பெடியனின் வீட்டுக்கு நாளைக்கு ஆரும் விசாரிக்க வந்தால் நிர்வாக சபை முன்னுக்கு நிற்குமா? இந்த இரண்டாவது கேள்விக்குக் கூட்டத்தில் கை தட்டினவர்கள் இல்லை, கையெழுத்துப் போடுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் மாதிரிப்படம் வந்ததும் பேப்பர் மேசைக்கு மேலே ஒட்டி இரண்டு கிழமை விடுங்கோ. பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும். இது நான் எங்கேயும் படித்துக் கற்றது இல்லை, தற்செயலாக நடந்தது. ஒரு ஊரில் எங்கள் ஓவியர், இளம் பெடியன், தோட்டக் கிணறும், தண்ணி இறைக்கிற நீள மரமான துலாவும் கீறி ஒட்டியிருந்தான். நல்ல கை. கிணற்றடியில் ஒரு பெண் வாளியில் தண்ணி அள்ளுகிறா. இரண்டாம் நாள் பேப்பர் பார்க்க வந்த ஒரு அப்பு கண்ணாடியைக் கழற்றி, போட்டு, திரும்பக் கழற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆர் கீறினது? துலா மிதிக்கிறவன் எங்கை?"

பெடியனுக்கு விளங்கவில்லை.

"இது வீட்டுக் கிணறெண்டால் சரி. பின்னால புகையிலைத் தோட்டம் கீறியிருக்கிறாய். தோட்டத்துக்கு இறைக்கேக்கை ஒருத்தன் மேல துலாவில ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பான். கீழ ஒருத்தன் பட்டை பிடிப்பான். பட்டை, வாளி இல்லை. ஓலையில இழைச்சது. துலாவைத் தாங்கிற உன்ர ஆடுகாலும் காணாது, ஆள் ஏறினால் முறிஞ்சு போம்."

நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் அவரே கீறிக் காட்டினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, வாங்கில் ஏறி நின்று, துலாவில் கால் எப்படிப் போகும் என்றும் காட்டினார். பெருவிரல் அகன்று, குதி தூக்கி. பெடியன் போனில் அந்தக் காலைப் படமெடுத்தான். சுவரில் இப்போது இருப்பது அவருடைய கால்தான், மூன்றடி உயரத்தில். கிணறு, தோட்டம், பெண் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்கள் அந்தக் காலடியில்தான் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தச் சுவரில் இன்றுவரைக்கும் ஒரு போஸ்ரரும் ஏறவில்லை. ஏற்ற வந்தவனை அப்புவின் பேரன் கலைத்ததாகக் கேள்வி.

ஊர்ச்சங்கத்துக்கும் ஒரு வரி. எங்கள் ஊரில் கதிரைக்கும் மணிக்கூட்டுக்கும் கேற்றுக்கும் "அன்பளிப்பு" எழுதுகிறோம், இன்னாரின் ஞாபகார்த்தமாக என்று. காசு தந்தவர்கள் பேர் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அதைப் படத்துக்குள் விட்டால் படம் விளம்பரப் பலகையாகிவிடும். சுவரின் ஓரத்தில், பள்ளிக்கூடச் சிலேற்று அளவில் ஒரு கல்லில், தந்தவர் பேரும் கீறினவர் பேரும் ஒரே அளவு எழுத்தில். இதைக் காசு வாங்க முதலே சொல்லிவிடுங்கோ.

படத்தைச் சுவருக்கு ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. கட்டம் போடுவது எல்லாருக்கும் தெரியும். அதைவிடச் சுகமான ஒன்று, சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்குவது. எழுத்து, வட்டம், கொக்கி, பிள்ளைகளின் பேர், எதுவும். அந்தக் கிறுக்கலைப் போனில் படமெடுத்து, அதற்கு மேல் மாதிரிப்படத்தை மங்கலாக வைத்தால், "மயிலின் கண் இந்த 'க'வுக்கு வலப்பக்கம்" என்று பார்த்துப் பார்த்துக் கீறலாம். கிறுக்குகிற வேலையைப் பிள்ளைகளுக்குக் குடுங்கோ. சுவரில் கிறுக்க அனுமதி கிடைக்கிறது வாழ்க்கையில் ஒருமுறைதான்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1984 இலிருந்து இந்த வேலை செய்கிறார்கள். அவர்கள் பரசூட் துணி என்று ஒரு மெல்லிய துணியில் சனத்தை மண்டபத்துக்குள் இருந்து கீறவைத்து, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுவார்கள். ஏணி ஏற முடியாத கிழவர்களும் வேலை செய்யலாம், நல்ல யோசனைதான். ஆனால் உப்புப் பூக்கிற எங்கள் சுவரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

கணக்கு இனி. 30 பெருக்கல் 11, 330 சதுர அடி. எங்கள் சாந்துச் சுவரில் ஒரு லீற்றர், ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும் என்று வையுங்கோ. பிறைமர் ஒரு பூச்சு, 4 லீற்றர். வெள்ளை இரண்டு பூச்சு, 8 லீற்றர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். நிறங்களும் இரண்டு பூச்சு, கணக்கின்படி 7 லீற்றர் காணும். ஆனால் இருபது கோப்பையில் ஊற்றி இருபது பேர் பூசும்போது கோப்பையிலேயே மிஞ்சி வீணாவது அதிகம், ஆகவே 12 லீற்றர். எந்தக் கொம்பனி என்று கேட்டீர்கள். வெளிச்சுவருக்கென்று செய்த அக்ரிலிக் எமல்ஷன் (தண்ணியில் கலக்கிற பெயின்ற்) எதுவும் சரி. தகரத்தில் திகதி பார்த்து வாங்குங்கோ. வெள்ளை வாளிக்குள் ஸ்ரெயினர் என்கிற நிறமூட்டியை ஊற்றி ஊற்றிக் கடும் நிறம் எடுக்காதேங்கோ, பெயின்ற் பலம் இழக்கும். கடும் நிறம் வேண்டுமானால் கடையிலேயே கலந்து வாங்குங்கோ.

கொம்பனியை விட நிறம் முக்கியம், உங்கள் சுவர் மேற்குப் பார்த்தபடியால். பின்னேர வெயில் நேரே அடிக்கும். பளீர் ரோசா, செம்மஞ்சள், ஊதா எல்லாம் முதலில் வெளிறும். காவிச் சிவப்பு, மண் மஞ்சள், மண்ணிறம் போன்ற இரும்புக் கனிம நிறங்கள் லேசில் அசையாது. கோயில் மதிலில் காவியைத் தெரிவு செய்தவர்கள் சும்மா தெரிவு செய்யவில்லை. மேற்குச் சுவரில் ஒரு நன்மையும் உண்டு. காலமை முழுக்க நிழல். ஆறு மணிக்குத் தொடங்கி மதியத்தோடு கையைக் கழுவுங்கோ. சுட்ட சுவரில் பூசினால் தூரிகை இழுக்க முதலே காய்ந்து கோடு விழும்.

நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்குப் படம் வேண்டாம். மழைத் துளி தெறித்துச் செம்மண் ஏறுகிற இடம் அது, சைக்கிள் சாத்துகிற இடமும் அதுதான். அதைச் செம்மண் நிறத்திலேயே ஒரு பட்டையாக விட்டுவிட்டால் ஊத்தை தெரியாது.

பூசுகிற நாளுக்கு ஓவியர் கோடுகளை முடித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம் போட்டிருக்க வேண்டும். கோப்பையிலும் அதே இலக்கம். பிள்ளைகள் நிலத்தில் நின்று எட்டுகிற உயரம் மட்டும். சாரத்தில் ஏறுகிறது வளர்ந்தவர்கள், சாரம் கட்டுகிறது மேசன்மார். கரண்ட் வயர் கிட்டப் போகிறதா என்று முதல் நாளே பாருங்கோ. முகம், கை, எழுத்து மூன்றையும் ஓவியருக்கு விட்டுவிடுங்கோ. பிள்ளை கோட்டுக்கு வெளியே பூசினால் ஒன்றும் சொல்லாதேங்கோ, பின்னேரம் ஓவியர் பார்த்துக்கொள்ளுவார்.

தூரிகை கழுவின தண்ணியைக் கிணற்றடியில் ஊற்ற விடாதேங்கோ. எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக்கல் ஓட்டை ஓட்டையானது. மேலே ஊற்றுவது கெதியாகக் கீழே போய்விடும், நாங்கள் குடிப்பதும் அதைத்தான். ஒரு பரலில் சேர்த்து, தூள் அடங்கவிட்டு, தெளிந்த தண்ணியையே திரும்பத் திரும்பக் கழுவப் பாவியுங்கோ. கடைசியில் மிஞ்சுகிற சேற்றை வெயிலில் காயவைத்துக் குப்பையோடு குடுங்கோ.

மேலே வார்ணிஷ் பூசச் சொல்லி ஹாட்வெயார் கடையில் கட்டாயம் சொல்லுவார்கள். மினுங்கல் வார்ணிஷ் வேண்டாம். இரவில் வாகன லைற் பட்டால் படமே தெரியாது. சுவர் காய்ந்தது என்று உறுதி என்றால், இரண்டு கிழமை கழித்து மினுங்காத நீர்வகைத் தெளிபூச்சு ஒன்று போடலாம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் விட்டுவிடுங்கோ.

கண்ணீர் அஞ்சலிப் போஸ்ரர் உங்களுக்குத் தெரியாதது இல்லை. செத்த வீட்டு ஆட்களோடு சண்டைக்குப் போகேலாது, போகவும் கூடாது. சந்தியில் அவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் பலகை ஒன்று நட்டு "அறிவித்தல்கள்" என்று எழுதிவிடுங்கோ. படம் திறக்கிற அன்றைக்கே அதுவும் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு யாம் போத்தல் அளவு எடுத்து, மூடியில் கடையின் நிற இலக்கத்தை எழுதி, நிலையத்து அலுமாரியில் வையுங்கோ. தை முடிய ஒருவர் சுவரை மேலிருந்து கீழ் பார்த்து, உரிந்த இடத்தைச் சுரண்டித் தொட்டுப் பூசினால் காணும். அந்த ஒருவர் ஆர் என்று இப்போதே பேர் எழுதுங்கோ, "இளைஞர் அணி" என்று எழுதாதேங்கோ.

இப்போது வெளியே மழை என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டுக் குடையோடு போய்ச் சுவருக்கு எதிரே பத்து நிமிஷம் நில்லுங்கோ. தண்ணி எந்த மூலையால் வழிகிறது என்று போனில் எடுத்து அனுப்புங்கோ. பொலித்தீன் முடிவும் வந்த பிறகு மிச்சத்தைக் கதைப்பம்.